சத்து மாத்திரை யாருக்கு?

ஊரில் உள்ள முகங்களில் பாதி அவள் கை பட்டுத்தான் போட்டோச் சட்டத்துக்குள் ஏறியிருக்கிறது. போட்டோ ஸ்டுடியோவின் பின்னறையில், ஏசிக் காற்று நேரே பிடரியில் அடிக்கிற மூலையில் உட்கார்ந்து, கம்ப்யூட்டரில் வரும் முகங்களிலிருந்து பரு, தழும்பு, கருவளையம், சவரக் கத்தி தொடாமல் விட்ட தாடை முடி எல்லாவற்றையும் மவுசால் தடவித் தடவி எடுப்பதுதான் அவள் வேலை. ஸ்டுடியோவில் அவளுக்கு டச்சப் அக்கா என்று பெயர். படத்தை வாங்கிப் பார்க்கிறவர்கள், "பரவாயில்லையே, நான் நல்லாத்தான் இருக்கேன்!" என்று தங்களையே மெச்சிக்கொண்டு போவார்கள். டச்சப் அக்கா ஒன்றும் சொல்லமாட்டாள். தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறதே.

இப்படி ஊர் முகத்தையெல்லாம் துடைத்துக் கொடுத்தவளுக்குத் தன் முகத்தைப் பற்றி நாற்பத்து மூன்று வயதுவரை கவலை எதுவும் வந்ததில்லை. கவலையைக் கொண்டுவந்து சேர்த்த புண்ணியவான் அவள் வீட்டுக்காரர்.

அவர் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கின் மேல் பாதத்தை வைத்துக்கொண்டே காலத்தை ஓட்டுகிற பிறவி. வீட்டில் டிவி பார்க்கும்போதுகூட, படத்தில் கார் வேகமாக வந்தால் இவர் கால் தரையை அழுத்தும். ரோட்டைப் பாருங்க, கண்ணாடியைப் பாருங்க, இடது பக்கம் பாருங்க என்று நாள் முழுக்க ஊராருக்குச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வருவார். வந்தபிறகு எதையும் பார்க்கமாட்டார். மூக்குக்கு எதிரே இருக்கும் உப்பு டப்பாவை "எங்கே வச்சே?" என்று கேட்கிற ரகம்.

ஒருநாள் சாயங்காலம் அவள் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தாள். டிரைவிங் ஸ்கூல் கார் தத்தித் தத்தி அவள் பக்கமாக வந்தது. ஓட்டிய பெண் ஸ்டியரிங்கைக் கழுத்தைப் பிடிக்கிற மாதிரிப் பிடித்திருந்தாள். கார் நின்றது, கண்ணாடி இறங்கியது, வீட்டுக்காரரின் தலை வெளியே வந்தது. டச்சப் அக்கா சிரிக்கத் தயாரானாள்.

"அம்மா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. புதுசா ஓட்டுறாங்க" என்றார். கண்ணாடி ஏறியது. கார் போய்விட்டது.

கேட்டீர்களா இந்த அநியாயத்தை! இருபத்திரண்டு வருஷமாகக் குடும்பம் நடத்துகிறவளை ஒரு மனிதர் நில்லு என்பார், கோபம் வந்தால் நில்லுடி என்பார். 'நில்லுங்க' என்று மரியாதை கொடுத்துவிட்டுப் போனால் அவள் எங்கே போய் முட்டிக்கொள்வது? திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும். அந்த 'ங்க' நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டது.

வீட்டில் கேட்டபோது, "அது நீயா? நான் ரோட்டையில்ல பார்த்துட்டிருந்தேன்" என்றார். அடுத்த மூச்சிலேயே, "துண்டு எங்கே?" என்றார். துண்டு அவர் தோளில் கிடந்தது. அவள் அன்றைக்குச் சண்டை போடவில்லை. அழவும் இல்லை. இந்த மனிதர் ஒருமுறை, ஒரே ஒருமுறை, தன் முகத்தை நிமிர்ந்து பார்க்க வேண்டும், அதற்கு என்ன வழி என்று மட்டும் யோசித்தாள்.

வழியை ஸ்டுடியோவில் ஆல்பம் ஒட்டுகிற பெண் காட்டினாள். பிள்ளை பெற்றுவிட்டு அப்போதுதான் வேலைக்குத் திரும்பியிருந்தாள். கன்னம் பளபளவென்று இருந்தது. பின்னல் கைப்பிடிக்குள் அடங்கவில்லை.

"தலைக்கு என்னடி போடுறே?" என்று டச்சப் அக்கா கேட்டாள்.

"தலைக்கு ஒண்ணும் போடலக்கா. வாயிலதான் போட்டேன். மாசமா இருந்தப்போ குடுத்தாங்களே சத்து மாத்திரை, அதோட வேலைதான் எல்லாம். பிள்ளைக்குப் போக மிச்சமே இவ்வளவு. உங்களுக்குப் பங்கு கேக்க ஆள் இல்ல. முழுசா உங்களுக்கே!"

கணக்கு சரியாகத்தான் இருந்தது. மறுநாளே டச்சப் அக்கா மருந்துக்கடைக்குப் போனாள். அங்கே ஒரு சுவர் முழுக்க டப்பாக்கள். முடிக்கு ஒன்று, நகத்துக்கு ஒன்று, தோலுக்கு ஒன்று, தூக்கத்துக்கு ஒன்று. இவை எல்லாம் ஒரே உடம்பில்தான் இருக்கின்றன என்ற சேதி மாத்திரை செய்கிறவர்களுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது. வைட்டமின் சி, வைட்டமின் ஈ, பயோட்டின், கொலாஜன் பொடி, மீன் எண்ணெய், பெரியவர்கள் வெட்கமில்லாமல் சப்பிச் சாப்பிடக் கரடி பொம்மை வடிவத்தில் மிட்டாய் வைட்டமின். ஒவ்வொரு டப்பாவிலும் ஒருத்தி கன்னத்தில் விரல் வைத்துக்கொண்டு சிரித்தாள். அத்தனையும் டச்சப் என்று அவளுடைய தொழில் கண் கண்டுபிடித்துவிட்டது. அதிலும் ஒருத்திக்குக் காது மடலை வெளுக்க மறந்து, முகம் ஒரு நிறம், காது ஒரு நிறம். தெரிந்து என்ன செய்ய? ஆசை வந்துவிட்டால் கண் அவிந்துவிடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

தாய்மார்களுக்கான டப்பா கீழ்த்தட்டில் இருந்தது. நிறைவயிற்றைத் தடவிக்கொண்டு ஒரு பெண் நிற்கும் படம். எடுத்துக்கொண்டு போய் வைத்தாள்.

"யாருக்குங்க?" என்று மருந்துக்கடைக்காரர் கேட்டார்.

"தங்கச்சிக்கு."

அவளுக்குத் தங்கச்சி கிடையாது. வீட்டுக்கு ஒரே பெண்.

"எத்தனாவது மாசம்?"

"இப்பத்தான்... ஆரம்பம்."

"இதுல இரும்புச்சத்து இருக்கு. டீ, காபியோட சேர்த்துப் போடக் கூடாதுன்னு சொல்லுங்க. வெறும் வயித்துல போட்டா சில பேருக்குக் குமட்டும். அவங்க டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கட்டும். தங்கச்சியைப் பத்திரமாப் பார்த்துக்கங்க."

இல்லாத தங்கச்சிக்குக் கிடைத்த அக்கறையைப் பார்த்து அவளுக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

முதல் மாத்திரையை விழுங்குவதற்குமுன் ஸ்டுடியோ விளக்கின்கீழ் உட்கார்ந்து தன்னை ஒரு படம் எடுக்கச் சொன்னாள். பின்னால் ஒப்பிட்டுப் பார்த்துப் பூரித்துப்போவதற்காம். டப்பாவை வீட்டுச் சமையலறை அலமாரியில், டீத்தூள் டப்பாவுக்குப் பின்னால் வைத்தாள். அங்கே வைத்தால் அவர் கண்ணில் ஜென்மத்துக்கும் படாது என்பது அவள் நம்பிக்கை. அந்த வீட்டில் டீ போடுவது அவள்தானே.

ஒரு விஷயத்தை இங்கேயே போட்டு உடைத்துவிடுவது நல்லது, பிற்பாடு சஸ்பென்ஸ் வைத்தேன் என்று யாரும் என்மேல் பழி சொல்லக் கூடாது. காலையில் மாத்திரை போட ஆரம்பித்ததும் அவள் காலை டீயை நிறுத்தினாள். தான் குடிக்காத டீயை அவருக்கு மட்டும் போட்டுக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. "வேணும்னா நீங்களே போட்டுக்கங்க" என்றாள். மனிதர் வாழ்க்கையில் முதல்முறையாக டீத்தூளைத் தேடினார். தேடிய கைக்கு அந்த டப்பா அகப்பட்டது. நிறைவயிற்றுப் படத்தை அவர் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்த அதே நேரத்தில், வெறும் வயிற்றில் மாத்திரை போட்டவள் குளியலறையில் ஓங்கரித்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் ஒன்றும் இரண்டு என்று ஊர் கூட்டும். இவர் கூட்டியதில் மூன்று வந்தது. இருவர் மட்டும் இருக்கிற வீட்டுக்கு மூன்றாவது ஆள் வரப்போகிறது!

கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்கமாட்டார். அதற்கும் ஒரு கதை உண்டு. இப்போது வெளியூரில் தங்கிப் படிக்கும் மகள் வயிற்றில் இருந்தபோது, சந்தோஷம் தாங்காமல் டிரைவிங் ஸ்கூல் முழுக்கச் சொல்லிவிட்டார். அது சுற்றிச் சுற்றி, மனைவி சொல்வதற்கு முன்பே அவள் அம்மா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஒரு வாரம் அவள் பேசவில்லை. ஆகையால் இந்தமுறை அவளாகச் சொல்லும்வரை வாயைத் திறப்பதில்லை என்று வைராக்கியமாக இருந்தார். வாயைத்தான் பூட்டினார், கைகால்களைப் பூட்டத் தெரியவில்லை.

மறுநாளே தண்ணீர்க் குடத்தை அவள் கையிலிருந்து பிடுங்கினார். "விடு, நான் தூக்குறேன்." பாத்திரம் துலக்கினார். துலக்கியதில் பாதியை அவள் திரும்பத் துலக்க வேண்டியிருந்தது, ஆனாலும் துலக்கினார். கிறீச்சிட்ட படுக்கையறைக் கதவுக்கு எண்ணெய் போட்டார். வருஷக்கணக்காகக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போன கதவு அது. சாயங்காலம் ஸ்டுடியோ வாசலில் பைக்கோடு வந்து நின்றார்.

"பஸ்ல வந்துக்குவேனே" என்றாள் அவள்.

"பஸ்ல இடிப்பாங்க. ஏறு. மெதுவா. மெதுவா!"

வேகத்தடை வந்தால் பைக்கை ஏறக்குறைய நிறுத்தி, முன்சக்கரத்தை ஏற்றி, ஒரு மூச்சு விட்டு, பின்சக்கரத்தை இறக்கினார். பின்னால் வந்தவர்கள் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. சைக்கிளில் போன ஒருவர் திரும்பிப் பார்த்துவிட்டு முந்திக்கொண்டு போனார். மாஸ்டருக்கு அதெல்லாம் காதில் விழவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, பார்த்தார். சாப்பிடும்போது பார்த்தார், அவள் துணி மடிக்கும்போது பார்த்தார். "களைப்பா இருக்கியா?" என்றார். "புளிப்பா ஏதாவது வாங்கிட்டு வரட்டுமா?" என்றார்.

"புளிப்பு எதுக்கு?"

"சும்மாதான் கேட்டேன்."

டச்சப் அக்காவுக்குத் தரையில் கால் பாவவில்லை. மாத்திரை வேலை செய்கிறது! காக்கை உட்கார்ந்ததும் பனம்பழம் விழுந்தது, காக்கையோ தன் கனத்தால்தான் விழுந்தது என்று மார்தட்டிக்கொண்டது. கண்ணாடியில் பார்த்தால் கன்னம் மினுங்குவதுபோல் அவளுக்கே தோன்றியது. தலைமுடியை எடுத்து முன்னால் போட்டுக்கொண்டாள். பின்னறையில் உட்கார்ந்து யாரோ ஒருவருடைய கருவளையத்தைத் துடைத்துக்கொண்டே பாட்டு முணுமுணுத்தாள். டப்பா தீர்ந்ததும் இன்னொன்று வாங்கப் போனாள்.

"தங்கச்சி எப்படி இருக்காங்க?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"நல்லா இருக்கா. கொஞ்சம் குமட்டல்தான். அவ வீட்டுக்காரர் தாங்கு தாங்குன்னு தாங்குறார்." சொல்லும்போதே அவளுக்கு வெட்கம் வந்துவிட்டது.

பொய்க்குத் தங்கச்சியைப் பெற்றவளுக்கு மெய் வந்து கதவைத் தட்டத்தானே வேண்டும்? ஒரு மதியம் ஆல்பம் ஒட்டுகிற பெண் சீப்பும் கையுமாக வந்து அழாத குறையாக நின்றாள். சீப்பு நிறைய முடி.

"கொத்துக் கொத்தாக் கொட்டுதுக்கா. டாக்டரைப் பார்த்தேன். மாசமா இருக்கும்போது முடி உதிராம நிக்குமாம், பெத்த பிறகு நின்னதெல்லாம் சேர்ந்து கொட்டுமாம். உடம்போட வேலையாம் அது. மாத்திரைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லங்கிறாங்க. நான் பாட்டுக்கு உங்ககிட்ட வேற உளறிட்டேன்."

டச்சப் அக்கா அவளைத் தேற்றி அனுப்பினாள். பிறகு தன்னை இன்னொரு படம் எடுக்கச் சொல்லி, பழைய படத்துக்குப் பக்கத்தில் போட்டுப் பெரிதாக்கிப் பார்த்தாள். முகத்தைப் பார்க்கும் விஷயத்தில் அவளை யாரும் ஏமாற்ற முடியாது, அவளே அவளை ஏமாற்றினாலொழிய. இடது கன்னத்துப் புள்ளிகள் அப்படியே இருந்தன. கண்ணோரச் சுருக்கம் அப்படியே இருந்தது. சொல்லப்போனால் தாடையோரம் ஒரு புள்ளி புதிதாகச் சேர்ந்திருந்தது. முகம் மாறவில்லை என்றால் அவர் எதைப் பார்க்கிறார்? எதற்காகத் தாங்குகிறார்? மனசு பொறுக்காமல் ஆல்பம் ஒட்டுகிறவளிடமே போய்க் கேட்டாள்.

"சோழியன் குடுமி சும்மா ஆடாதுக்கா" என்றாள் ஆல்பக்காரி, தன் துக்கத்தைக்கூட ஒதுக்கி வைத்துவிட்டு. "ஆம்பளைங்க திடீர்னு நல்லவங்களா மாறினா எங்கேயோ தப்புப் பண்ணிட்டு வந்திருக்காங்கன்னு அர்த்தம். கார் ஓட்டக் கத்துக்க பொம்பளைங்களும்தானே வர்றாங்க?"

ஸ்டியரிங்கைக் கழுத்தைப் பிடிக்கிற மாதிரிப் பிடித்திருந்தவள் டச்சப் அக்காவின் கண்முன் வந்து நின்றாள். நல்ல நிறம் வேறு.

அன்று பைக்கில் பின்னால் உட்கார்ந்து அவர் பிடரியையே முறைத்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்ததும் அவர் சமையலறையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கேரட் நறுக்க ஆரம்பித்தார். அவள் வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள். கேட்டால் உள்ளதும் போய்விடும், கேட்காவிட்டால் உயிர் போய்விடும். கேட்டேவிட்டாள்.

"மறைக்காதீங்க. எனக்கு எல்லாம் தெரியும்."

அவர் கத்தியைக் கீழே வைத்தார். முகத்தில் அவள் எதிர்பார்த்த திருட்டு முழி இல்லை. "அப்பாடா! எத்தனை நாளைக்குத்தான் நானும் தெரியாத மாதிரியே இருக்கிறது?"

"வெக்கமா இல்ல உங்களுக்கு?"

"என்ன வெக்கம்? இந்த வயசுலயான்னு நாலு பேர் சிரிப்பாங்க. சிரிச்சுட்டுப் போகட்டும்."

"யாரு அவ?"

"அவளா?" அவர் முகம் மலர்ந்துபோனது. "பொண்ணுன்னு முடிவே பண்ணிட்டியா? அவனாக்கூட இருக்கலாம்ல?"

"அவனா!" டச்சப் அக்கா நிலைக்காலைப் பிடித்துக்கொண்டாள்.

"எதுவா இருந்தா என்ன, எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். பெரியவகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் யோசனையா இருக்கு."

"இதைப் போய் மககிட்ட வேற சொல்லப்போறீங்களா?"

"சொல்லாம? ஒருநாள் வீட்டுக்குத் தூக்கிட்டு வந்துதானே ஆகணும்."

"தூக்கிட்டா?"

"பின்னே, அதுவா நடந்து வரும்?"

அவள் அவரையே பார்த்தாள். "ஏங்க, நீங்க யாரைப் பத்திப் பேசுறீங்க?"

அவர் எழுந்து போய், டீத்தூள் டப்பாவுக்குப் பின்னால் கைவிட்டு, நேராக அந்த டப்பாவை எடுத்து அவள் கையில் வைத்தார். உப்பைக் கண்டுபிடிக்கத் தெரியாத மனிதர்! நிறைவயிற்றுப் பெண் இருவரையும் பார்த்துச் சிரித்தாள்.

டச்சப் அக்காவுக்கு முதலில் வந்தது சிரிப்பு. சிரித்தாள், சுவரில் சரிந்து தரையில் உட்கார்ந்து சிரித்தாள், விலா வலிக்கச் சிரித்தாள். விக்கலுக்கு நடுவே முடி, ஆல்பக்காரி, இல்லாத தங்கச்சி எல்லாவற்றையும் ஒப்பித்தாள். அவரும் புரியாமலே கூடச் சேர்ந்து சிரித்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

"அப்ப... இல்லையா?"

"இல்லங்க."

"கொஞ்சம்கூட?"

"இதுல கொஞ்சம்கூடன்னு ஒண்ணு உண்டா?"

அவர் டப்பாவை வாங்கி ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டுத் தரையில் வைத்தார். மனசுக்குள் இரண்டு மாதம் வளர்த்த பிள்ளை ஒரு நிமிஷத்தில் இல்லாமல் போய்விட்டது. பாவம், கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றது. அவருக்காக வந்த இரக்கத்தின் பின்னாலேயே அவளுடைய சொந்தத் துக்கமும் கிளம்பி வந்துவிட்டது. தூக்கின குடம், நிறுத்தி நிறுத்தி ஓட்டின பைக், களைப்பா இருக்கியா என்ற கேள்வி, இதில் ஒன்றுகூட அவளுக்கு வந்ததில்லை. எல்லாம் வேறு விலாசத்துக்கு வந்தவை.

"நான் என் மூஞ்சியைத்தான் பார்க்கிறீங்கன்னு நெனச்சேன்" என்றாள். குரல் உடைந்தது. "மாத்திரை வேலை செய்யுதுன்னு பைத்தியக்காரி மாதிரி சந்தோஷப்பட்டேன். வயித்துல யாரும் இல்லங்க. நான் மட்டும்தான் இருக்கேன். எனக்குன்னு இதெல்லாம் செஞ்சிருப்பீங்களா?"

கேட்டுவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டாள். வேறு யாராவதாக இருந்தால் 'செஞ்சிருப்பேன்டி என் ராசாத்தி' என்று ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டு எழுந்து போயிருப்பார். இவருக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது.

"முதல்ல பிள்ளைக்காகத்தான்" என்றார். "அதுல பொய் சொல்லமாட்டேன். அப்புறம் என்னன்னா... ஸ்டுடியோ வாசல்ல நிப்பேனா? நீ லைட்டை அணைச்சுட்டு வெளிய வருவ. ரோட்டுல என்னைத் தேடுவ. கண்டுபிடிச்சதும் உன் மூஞ்சி ஒரு மாதிரி ஆகும். அதைப் பார்க்கணும்னே சாயங்கால கிளாஸைச் சீக்கிரம் முடிச்சுட்டு ஓடி வருவேன். அந்த நேரத்துல பிள்ளை ஞாபகமே வராது. சத்தியமா."

அவள் கையை விலக்கினாள். "ஒரு மாதிரின்னா?"

"அதெல்லாம் எனக்குச் சொல்லத் தெரியாது. நல்லா இருக்கும்."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். நறுக்கின கேரட்டும் நறுக்காத கேரட்டும் இருவருக்கும் நடுவே கிடந்தன. அவர் கத்தியை எடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல், கண்ணைத் தாழ்த்தி, பயந்துகொண்டே கேட்டார்.

"அப்ப நாளையிலேர்ந்து இதெல்லாம் நிறுத்திடணுமா?"

"நிறுத்தித்தான் பாருங்களேன்!" என்றாள் அவள்.